முன் பிரேக் இல்லாமல் இறக்கம் இறங்காதீர்கள்

“இறக்கத்தில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது, தூக்கிப் போட்டுவிடும், பின் பிரேக் மட்டும் போதும்” என்று சிலர் சொல்வது தவறு. புதிதாக மவுண்டன் பைக் (மலைப்பாதைக்கான சைக்கிள்) ஓட்டுபவர்களுக்கு ஆபத்தும்கூட. பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் அந்தச் சக்கரம் லாக் ஆகி, அதாவது சுழலாமல் நின்று, வழுக்கும், வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்தால் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) சூடேறி, அதை அழுத்திப் பிடிக்கும் பேடின் பிடிப்பும் குறையும்.

தூக்கிப் போடுவது முன் பிரேக் அல்ல. நிமிர்ந்து உட்கார்ந்தபடி அதைச் சட்டென்று இறுக்குவதுதான். சீட்டை இறக்குங்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், குதிகால் கீழே, இடுப்பு பின்னால் தாழ்ந்து இருக்கட்டும். ஹைட்ராலிக் டிஸ்க் (திரவ அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக்) என்றால் லீவரில் (பிரேக் பிடியில்) ஆள்காட்டி விரல் ஒன்றே போதும். அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, திரும்பும்போது முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். ஈரமான வேர், உருளும் சரளை மீது முன்சக்கரம் ஏறும் கணத்திலும் அப்படியே.

இன்னொன்று: நம் ஊர் சைக்கிளில் பொதுவாக வலது லீவர்தான் முன் பிரேக். அமெரிக்க அமைப்பில் வரும் வண்டிகளில் இடது. இரவல் வண்டி என்றால், ஏறும் முன் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு லீவராகப் பிடித்துப் பாருங்கள்.