மூடியை அமுக்கிப் பார்த்தது தப்பா?

ஞாயிற்றுக்கிழமை வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. வேல்ஸ்ல ட்ரெயார்தர் பே கரையில நான் ஒவ்வொரு கயாக்கா (துடுப்புப் படகு) போய் அதோட அறை மூடியை அமுக்கிப் பாக்குறேன், பின்னாடி சிரிப்புச் சத்தம் கேக்குது. சிரிச்சது போகட்டும். கீழே ஒருத்தர் எழுதியிருந்தாரு பாருங்க, "எல்லா மூடியும் ஒண்ணுதான், சும்மா நேரத்தை வீணாக்குறாங்க"ன்னு. அதுதான் ராத்திரி தூங்க விடலை.

எல்லா மூடியும் ஒண்ணு இல்லைங்க.

கடல் கயாக்ல நாம உக்கார்ற குழிக்கு முன்னாடியும் பின்னாடியும் அடைச்ச அறைங்க இருக்கு, அதுக்கு மேலதான் இந்த மூடி. படகு கவுந்து குழி முழுக்கத் தண்ணி ஏறினாலும் அந்த அறைக் காத்துதான் நம்மைத் தாங்கும். பின் அறையில 60 லிட்டர் தண்ணி ஏறினா 60 கிலோ. வால் அமுங்கி, மூக்கு தூக்கி, துடுப்புக்குப் படகு திரும்பவே திரும்பாது. குழியில இருந்து பம்ப் போட்டும் அந்தத் தண்ணியை எடுக்க முடியாது. மூடியைத் திறந்தாகணும். அலைக்கு நடுவுல திறந்தா இன்னும் உள்ள போகும்.

பென்ரின் மாவர் நீரோட்டத்துக்கிட்ட என் கண் முன்னாடியே இது நடந்தது. சில வருஷம் முன்னாடி, மார்ச் மாசம், தண்ணி 10 டிகிரிக்கும் கீழே. புதுசா வந்த தம்பி ஒருத்தர், பளபளன்னு தட்டை மூடி வச்ச படகு. கெட்டியான ஃபைபர்கிளாஸ் மூடி, கீழே நுரை வாஷர், மேல ரெண்டு ஸ்ட்ராப். ரெண்டு படகை அவர் படகோட ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு மூடியைத் திறந்தோம், உள்ளே சாப்பாட்டுப் பை மிதக்குது. கரைக்கு வந்து அந்த நுரையைத் தொட்டுப் பாத்தேன். ஸ்ட்ராப்புக்கு நேர் கீழே கண்ணாடி மாதிரி நசுங்கிக் கிடந்தது, நகத்தால நெம்பினாலும் எழும்பலை. ஸ்ட்ராப் இல்லாத பக்கத்துல மூடி லேசா வளைஞ்சு, அந்தச் சந்து வழியாத்தான் தண்ணி. வெளியில பாத்தா ஒண்ணுமே தெரியாது. அந்தத் தம்பி அழுதாரு. அன்னிக்கு யாரும் வீடியோ எடுக்கலை.

ரப்பர் மூடி அப்படி இல்லை. விளிம்பைச் சுத்தி இழுத்துக் கவ்விக்கும். பக்கிள், ஸ்ட்ராப் எதையும் நம்பி இல்லை. ஃபிராங்க் குட்மன் ஆரம்பிச்ச 'வேலி' (Valley) கயாக் கம்பெனியோட வட்ட மூடி, பின்லாந்து கஜாக் ஸ்போர்ட் மூடி, ரெண்டும் இந்த ஜாதிதான். குட்மன் தன்னோட நோர்ட்காப் படகுல 1977இல் கேப் ஹார்னைச் சுத்தி வந்தவர். கடலைத் தெரிஞ்சவர்.

"ரப்பர் வெயில்ல வெடிக்குமே அக்கா"ன்னு வருவீங்க. வெடிக்கும், ஒத்துக்குறேன். ஆனா விளிம்பை மடக்கிப் பாத்தா வெடிப்பு கண்ணுக்குத் தெரியும், மாத்திடலாம். "குளிர்ல விரல் மரத்துப் போனா மாட்ட முடியாது"ன்னு ஒரு குரல். கரையிலேயே பொறுமையா மாட்டுங்க. நியோபிரீன்ங்கற ரப்பர் துணி உறை, அதுக்கு மேல கெட்டி மூடின்னு ரெண்டு அடுக்கா வர்றது மோசமில்லை, மேல் மூடி தொலையாத வரைக்கும். திருகு மூடி சின்ன அறைக்கு ஓகே. மரையில மணல் போச்சுன்னா போச்சு.

"இவ்வளவு விலை வாங்குற கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா"ங்கறது இன்னொண்ணு. கடைக்கு வர்றவங்க படகைத் தடவிப் பாத்து வாங்குறாங்க, கடல்ல வச்சுப் பாத்து வாங்குறதில்லை. பதில் அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். வெயில்ல கார் மேல 30 டிகிரியில கிடந்த படகை 10 டிகிரித் தண்ணியில இறக்கினா, உள்ள இருக்குற காத்து சுமார் 7 சதவீதம் சுருங்கும். சந்து இருந்தா அது வழியா தண்ணியை உறிஞ்சும். அறைகளுக்கு நடுவுல இருக்குற தடுப்புச் சுவர்ல ஊசி முனை அளவு ஓட்டை போட்டு காத்தைச் சமமாக்குறது அதுக்குத்தான். நான் மூடியை அமுக்கிப் பாக்குறதும் அதுக்குத்தான். விளிம்பைச் சுத்தி உள்ளங்கையால அமுக்கி, பை ஸ்ட்ராப் எதுவும் விளிம்புல மாட்டியிருக்கான்னு பாத்து, மூடியைக் கயித்தால கட்டியிருக்கான்னு பாக்குறேன். ஒரு படகுக்கு அரை நிமிஷம் ஆகுமா?

இதையே ஒரு வெள்ளைக்காரக் கோச் செஞ்சப்ப எல்லாரும் கைகட்டி நின்னு பாத்தீங்க. நோட்டு எடுத்தவங்ககூட உண்டு. நான் செஞ்சா வீடியோ. நம்ம வீட்டுப் பொம்பளை சொன்னா சேஃப்டி தொணதொணப்பு ஆயிடுது, இல்ல? புதுசா வந்த பிள்ளைங்களுக்கு நீச்சல்ல இருந்து நீரோட்ட அட்டவணை வரைக்கும் உக்காந்து சொல்லிக் கொடுத்தவ நான். நன்றி எதிர்பாக்கலை. ஆனா அந்தச் சிரிப்புல ரெண்டு குரல் எனக்கு நல்லாத் தெரிஞ்ச குரல். அது வலிக்குது.

வீடியோவை நீக்கச் சொல்லலை, இருக்கட்டும். ஆனா நான் கூட்டிட்டுப் போற பயணத்துல மூடி பாக்காம ஒரு படகும் தண்ணியில இறங்காது. பிடிக்காதவங்க இப்பவே சொல்லிடுங்க.

அந்த மஞ்சப் படகுக்காரத் தம்பிக்கு: உன் பின் மூடி நுரை இடது பக்கம் நசுங்கியிருக்கு, அன்னிக்கே சொன்னேன். சனிக்கிழமை படகை வீட்டுக்கு எடுத்துட்டு வா. தோட்டத்துல ஓஸ் பைப்பை அடிச்சுப் பாப்போம், எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சிடும்.