பாதி காலியான கொக்கிகள்

லண்டன் தொடக்கப் பள்ளிகள், வருடத்துக்கு இத்தனை பிள்ளைகள் என்ற சேர்க்கை வரம்பை 60-இலிருந்து 30 ஆகக் குறைப்பதை, ஏதோ பள்ளியையே மூடுவது போலச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எங்கள் மகள் பள்ளியிலும் குறைத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ரிசப்ஷனில், அதாவது பள்ளியின் முதல் வகுப்பில், 37 பிள்ளைகள். சின்ன வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 30 பேருக்கு மேல் கூடாது என்பது இங்கே சட்டம். அதனால் 19, 18 என்று இரண்டு வகுப்பு, இரண்டு சம்பளம். பணமோ அக்டோபர் கணக்கெடுப்பில் இருக்கிற தலைக்குத்தான் வரும். கோட்டு மாட்டும் கொக்கிகளில் பாதி காலி; உதவி ஆசிரியையையும் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் குறைக்காமல் என்ன செய்வது? ஆனால் கவுன்சில் (உள்ளாட்சி) நடத்தும் பள்ளி குறைத்துக்கொள்ள, அரசுப் பணத்தில் நடந்தாலும் கவுன்சிலின் கீழ் வராமல் தன் வரம்பைத் தானே வைத்துக்கொள்ளும் பக்கத்து அகாடமிப் பள்ளி 90-ஐ விடாமல் பிடித்திருந்தால், பிள்ளைகள் அங்கே போய்விட மாட்டார்களா? அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட எழுதவில்லையே!