தண்டு பொருந்தினால் மட்டும் போதாது

"தண்டு 3.2 மி.மீ. இருந்தால் போதும், எந்த மலிவான பிட்டையும் ரோட்டரி டூலில் முழு வேகத்தில் ஓட்டலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (ரோட்டரி டூல் என்பது கையில் பிடித்து வேலை செய்யும் சுழல் கருவி; அதில் மாட்டும் முனைதான் பிட், கருவிக்குள் நுழையும் அதன் பகுதிதான் தண்டு.) பொருந்தும் என்பது சரி. முழு வேகம் என்பது ஆபத்தான அறிவுரை, தயவுசெய்து நம்பாதீர்கள்.

பல ரோட்டரி டூல்கள் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் போகும். ஆனால் ரோட்டரி டூல் தயாரிக்கும் டிரெமெல் நிறுவனத்தின் கம்பி பிரஷ்ஷுக்கே உச்ச வரம்பு 15,000தான். அதைத் தாண்டினால் கம்பிகள் பிய்ந்து ஊசி மாதிரி தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம். வேக வரம்பு எழுதாத பாக்கெட்டை நான் வாங்குவதில்லை.

மலிவாக வாங்கவே கூடாதா? தாராளமாக வாங்கலாம். மணல்தாள் உருளை, மெருகேற்றும் ஃபெல்ட் சக்கரம் எல்லாம் எப்படியும் தேய்ந்து போகிறவை. கண்ணாடிக்கும் ஓட்டுக்கும் (டைல்) மலிவான வைரப் பிட்டுகள் நன்றாகவே வேலை செய்யும். எஃகில் மட்டும் வேண்டாம். சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்போடு வினைபுரிந்து முனை சீக்கிரம் மழுங்கிவிடும். அப்புறம், வெட்டும் வட்டில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கண்ணாடியிழை வலை வைத்த வட்டு, மெல்லிய சாதா வட்டு போலப் பட்டென்று உடையாது.

2.35 மி.மீ. தண்டுள்ள பிட்டுக்கு அதே அளவு காலெட் (தண்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) வேண்டும். பெரிய காலெட்டில் டேப் சுற்றி இறுக்கவே கூடாது.