விளக்கு எரிந்தால் டேங்க்கில் இறங்கலாமா?

"கிணத்துல விளக்க இறக்கிப் பாக்குற மாதிரி பீர் டேங்க்லயும் மெழுகுவத்திய விட்டுப் பாருங்க, எரிஞ்சா தைரியமா இறங்கிக் கழுவலாம்"னு மேலே எழுதியிருக்கீங்க. மன்னிக்கணும் அண்ணே, இது ஆளைக் கொல்ற யோசனை.

எங்க திருத்துறைப்பூண்டிப் பக்கமும் பாழுங்கிணறு தூர்வார்றப்ப விளக்கு விடுவாங்க. ஆனா நொதிக்கிற டேங்க்ல தேங்குறது கார்பன் டை ஆக்சைடு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். மூடியைத் திறந்து வச்சாலும் அடியிலேயே கிடக்கும். 4 சதவீதம் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. அந்த அளவுல மெழுகுவத்தி ஜம்முனு எரியும். ஆக்சிஜன் மீட்டரே வச்சாலும் 20 சதவீதத்துக்கு மேல காட்டும், 19.5க்குக் கீழே போனாத்தானே அது கத்தும்! அதனால கார்பன் டை ஆக்சைடுக்குன்னே தனி மீட்டர் வேணும். அடிவரைக்கும் காத்து ஊதணும். வாய்ப் பக்கத்துல ஒரு ஆள், இறங்குறவருக்கு பெல்ட்டும் கயிறும். இதைவிட உத்தமம், இறங்காமலே கழுவ ஸ்ப்ரே பால் (உள்ளே சுத்தித் தண்ணி பீச்சியடிக்கிற ஓட்டை போட்ட உருண்டை) வச்ச டேங்க்கா பார்த்து வாங்குறது.

அதுலயும் ஒரு வம்பு. வாயுவை வெளியேத்தாம மூடின டேங்க்ல கழுவுற காஸ்டிக் சோடாக் கரைசலை விட்டா, அது வாயுவை உறிஞ்சி உள்ளே வெற்றிடமாயிடும். நான் வேலை பார்த்த இடத்துல ஒரு டேங்க்கோட மேல்பக்கம் மிதிச்ச தகர டப்பா மாதிரி உள்வாங்கினதைக் கண்ணால பார்த்தேன். வெற்றிடமானா காத்தை உள்ளே விட வேண்டிய வேக்குவம் வால்வுல ஈஸ்ட் காஞ்சு ஒட்டி, அது திறக்காம இருந்துச்சு.

"எஸ்.எஸ். துருப்பிடிக்காது, எந்தத் தண்ணியும் ஆகும்"னு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டேங்க்கைப் பத்தி நீங்க சொன்னதும் தப்பு. எங்க கடைமடைப் பக்கத்து போர்வெல் உப்புத்தண்ணிக்கு 304ங்கிற ரக ஸ்டீல்ல பொட்டுப் பொட்டா அரிப்பு விழும். 316 ரகம் கொஞ்சம் தாங்கும்.