9 வோல்ட் என்றால் மட்டும் போதாது

அண்ணே, பின் பொருந்தினால் எந்த 9 வோல்ட் அடாப்டரும் கோர்க் வோல்காவுக்கு (கோர்க் கம்பெனியின் சின்ன எலக்ட்ரானிக் இசைக்கருவி) ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். வோல்ட் சரிதான், துருவம்தான், அதாவது பின்னில் பிளஸ் எங்கே மைனஸ் எங்கே என்பதுதான் இடிக்கும். வோல்காவுக்கு நடுவில் பிளஸ் வேண்டும். கிடார் பெடல் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் மைனஸ். மாற்றிச் செருகினால் உள்ளே சர்க்யூட் போகவும் வாய்ப்புண்டு.

அடாப்டர் மேலுள்ள படத்தில் நடுப்புள்ளியோடு இணைந்திருப்பது பிளஸ்ஸா என்று பாருங்கள். டவுன்ஹால் ரோட்டில் வாங்கினால் கடையிலேயே மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) கேளுங்கள்: 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனை நடு ஓட்டைக்குள், கறுப்பு வெளி உலோகத்தில். மைனஸ் குறியில்லாமல் எண் வந்தால் நடுவில் பிளஸ். திருப்பிச் செருகும் முனையுள்ள யுனிவர்சல் அடாப்டரை (இதில்தான் பலர் ஏமாறுவது) ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். அதுவரை ஆறு ஏஏ பேட்டரியில் வாசிக்கலாம்.