கல்விக்காக நேரம் கேட்கப் போய், ஓட்டும் கேட்டு வந்த கதை

"மற்ற நாடுகளில் பெண்கள் ஓட்டுக்காகப் போராடினார்கள், இங்கே கேட்காமலே கிடைத்துவிட்டது" என்று நன்றாகப் படித்தவர்களே சொல்லக் கேட்கிறேன். 1950இல் அரசியல் சட்டத்தோடு இனாமாக வந்த மாதிரி! கேட்டார்கள். பல வருடம், பல இடத்தில் கேட்டார்கள். அதற்காக அலைந்தவர்களில் ஒருவர் மார்கரெட் கசின்ஸ்.

அயர்லாந்துக்காரர். 1908இல் அங்கே பெண்கள் ஓட்டுரிமைக்குச் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். லண்டன் டவுனிங் தெருவில் கல்லெறிந்து ஜெயிலுக்கும் போனவர். 1915இல் கணவரோடு இந்தியாவுக்கு வந்து இன்றைய ஆந்திராவின் மதனப்பள்ளியில் தங்கினார். ('ஜன கண மன' பாட்டுக்கு 1919இல் அங்கேதான் சுரக்குறிப்பு எழுதினார். அது தனிக்கதை.)

1917 மே மாதம் அடையாறில் இவரும் சேர்ந்து இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார். டிசம்பரில், பிரிட்டிஷ் அரசில் இந்தியாவைக் கவனித்த மந்திரி மாண்டேகு, ஆட்சிச் சீர்திருத்தம் பற்றிக் கருத்துக் கேட்கச் சென்னைக்கு வருகிறார். பெண்கல்வி பற்றிப் பேச கசின்ஸ் நேரம் கேட்டார். அரசியல் கோரிக்கையோடு வருகிறவர்களை மட்டும்தான் பார்ப்பார் என்று பதில் வந்தது. வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். இவர், சரி, அரசியல்தானே வேண்டும் என்று ஓட்டுரிமையையும் மனுவில் சேர்த்துவிட்டார். சீர்திருத்தச் சட்டத்தில் 'மக்கள்' என்று எழுதினால் பெண்களும் அதில் அடக்கம் என்பதுதான் கோரிக்கை. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அந்த அதிகாரி கொஞ்சம் தாராளமாகப் பதில் எழுதியிருந்தால், மாண்டேகு பெண்கல்வி பற்றி மட்டும் கேட்டுவிட்டுப் போயிருப்பார்!

மாண்டேகுவைப் பார்க்கப் போன குழுவுக்குத் தலைமை சரோஜினி நாயுடு. அதனால் 'வெள்ளைக்காரம்மா வந்து வாங்கிக் கொடுத்தார்' என்று சொல்வதும் தப்பு. யாருக்கெல்லாம் ஓட்டு என்று பரிந்துரைக்க பிரிட்டிஷ் அரசு அமைத்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூகம் இன்னும் இதற்குத் தயாராகவில்லை என்று கைவிரித்தபோது, பம்பாயிலிருந்து ஹீராபாய் டாட்டா மகளையும் கூட்டிக்கொண்டு 1919இல் லண்டனுக்கே போய் வாதாடினார். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசியில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் முடிவை மாகாண சபைகளின் தலையில் கட்டிவிட்டது. 1921இல் நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த சென்னை மாகாணம், மாகாணங்களிலேயே முதலாவதாகப் பெண்களுக்கு இருந்த தடையை நீக்கியது. இதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் எந்தப் பெண்களுக்கு? ஆண்களுக்கு இருந்த அதே சொத்து, வரித் தகுதிதான் இவர்களுக்கும். வீடும் நிலமும் பெண் பேரில் இருந்த குடும்பம் அன்றைக்கு எத்தனை இருந்திருக்கும்? நூற்றில் ஒரு பெண்ணுக்குக்கூட ஓட்டு வரவில்லை. கசின்ஸைக் கொண்டாடும்போது இதை விழுங்கிவிடுவது நேர்மையில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம், ஓட்டுப் போடலாம், தேர்தலில் நிற்கக் கூடாது என்று ஒரு விசித்திரம் வேறு. அந்தத் தடை 1926இல்தான் போனது. உடனே கசின்ஸ், சென்னை சட்டசபைத் தேர்தலில் நிற்கச் சொல்லி சுதந்திரப் போராட்ட வீராங்கனை கமலாதேவி சட்டோபாத்யாயை உசுப்பிவிட்டார். அந்தத் தேர்தலுக்குப் பின் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக உள்ளே போய், சபையின் துணைத் தலைவரும் ஆனார். மக்களிடம் நேராகப் போய் ஓட்டுக் கேட்ட கமலாதேவி தோற்றார், வெறும் 55 ஓட்டில். அப்போது அவருக்கு வயது 23.