ஆன்லைன் மட்டும் காரணமில்லை

கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் மூடப்படுவது பற்றிய ஒரு கட்டுரை படித்தேன். அமெரிக்காவில் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளை நடத்திய ஃபேமிலி கிறிஸ்டியன் நிறுவனம் 2017-இல் சுமார் 240 கடைகளையும், அதேபோன்ற லைஃப்வே நிறுவனம் 2019-இல் தன் 170 கடைகளையும் மூட முடிவெடுத்ததைச் சொல்லி, ஆன்லைன் விற்பனைதான் காரணம் என்கிறது கட்டுரை. சரி, ஆனால் பாதிதான். எங்கள் ராயபுரம், பெரம்பூர் பக்கம் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளின் பிழைப்பைக் கெடுத்தது செல்போன். வேதாகமம் இலவசச் செயலியில் இருக்கிறது. சபையில் பாட்டு வரிகளைத் திரையில் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் பாட்டுப் புத்தகம் யாருக்கு வேண்டும்? டிசம்பரில் நட்சத்திரம், குடில் பொம்மை, வசன காலண்டர், புது வருஷ வாக்குத்தத்த அட்டை என்று கொஞ்சம் கல்லா நிறையும். மற்ற மாதங்களில் வாடகை கட்டுவதே பாடு.

ஆனாலும் பெரிய எழுத்து பைபிளைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் படித்துப் பார்த்து வாங்கும் வயசான அம்மாக்கள் இன்னும் கடைக்குத்தான் வருகிறார்கள். ஞாயிறு பள்ளிப் பரிசுகளையும் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) புத்தகங்களையும் சபைகள் இங்கேயே மொத்தமாக வாங்கினால் வாடகையாவது தேறும். போதகர்கள் சிலர் ஆராதனை முடிந்ததும் வாசலில் மேஜை போட்டுத் தங்கள் புத்தகங்களைத் தாங்களே விற்கிறார்களே (தப்பென்று சொல்லவில்லை), அதைக் கட்டுரை தொடவே இல்லை.